இரண்டு வாசல் கட்டடம்

என் மனைவிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "மேப் ஆபீஸில்" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். முழுசாகச் சொல்ல ஆரம்பித்தால் கேட்டவர் கடிகாரத்தைப் பார்ப்பார். அவள் வேலையில் பாதி, நகரத்து அளவைத் துறையில் ஒரு நாற்காலி, ஒரு பெரிய திரை, நாள் முழுக்கக் கட்டடங்களுக்குக் கோடு போடுவது. மறு பாதிக்குச் சம்பளமே கிடையாது. எங்கள் வீட்டில் சாப்பாடு ஆறிப்போவதெல்லாம் அந்த மறு பாதியால்தான்.

உலகத்து வரைபடங்களெல்லாம் ஒன்றுக்கொன்று புரிகிற மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு சர்வதேச அமைப்பு இருக்கிறது. சாலையை எப்படிக் குறிப்பது, கட்டடத்தை எப்படிக் குறிப்பது என்று அவர்கள் விதி போடுவார்கள். இன்டர்நெட்டில் எது எப்படி நடக்க வேண்டும் என்று விதி போட இன்னொரு அமைப்பு. இரண்டும் சேர்ந்து ஒரு கூட்டுக் குழு நடத்துகிறார்கள். சேர்ந்து என்றால், சம்பந்தி வீடுகள் சேர்ந்திருப்பது மாதிரி. "எங்க பக்கத்துப் பழக்கம் இப்படித்தான்" என்று இவர்களும், "எங்க பக்கத்துல அதெல்லாம் கிடையாது" என்று அவர்களும் முகம் கோணாமல் மாதக்கணக்கில் இழுப்பார்கள். 'செய்ய வேண்டும்' என்று எழுதுவதா, 'செய்வது நல்லது' என்று எழுதுவதா என்பதில் ஒரு கோடைக்காலமே போயிருக்கிறது. நானாக இருந்தால் இரண்டாம் நாளே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்திருப்பேன்.

இவள் அந்தக் குழுவுக்குப் போனது ஆசைப்பட்டு அல்ல. துறையிலிருந்து ஒருவரை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். மேலதிகாரி எல்லாரையும் பார்த்தார், எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். இவள் மட்டும், "அதுல என்ன செய்வாங்க?" என்று கேட்டுத் தொலைத்தாள். கேட்டவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள். வாரம் ஒரு மாலை, திரையில் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் முகங்கள். ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை.

இவளுக்கு உட்கார்ந்து பேச வராது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு சமையலறைக்கும் பால்கனிக்கும் நடப்பாள். நடக்கிற வழியில் கொடியில் காயும் துணியை மடிப்பாள், மடித்ததைத் திரும்ப உதறுவாள். எதற்கும் ஒரு ஆட்சேபணை வைத்திருப்பாள். குழுவில் அவளுக்கு அதுவே பட்டப்பெயராகிவிட்டது. நானும் வீட்டில் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன். என்னைக் கல்யாணம் செய்துகொள்வதற்கு மட்டும்தான் ஆட்சேபணை சொல்லாமல் விட்டாள் என்று அவள் அம்மா சொல்வார். அந்த ஒன்றுக்குத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று சேர்த்துக்கொள்வார்.

அந்த அம்மாவால்தான் இந்தக் கதை. என் மாமியார், எனக்கு அத்தை, எங்களோடுதான் இருக்கிறார். இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துவிட்டன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். சக்கர நாற்காலியோடு அழைத்துப்போக ஆஸ்பத்திரி வேன் வரும். வருகிறதா என்றால் வருகிறது, ஆனால் பின்பக்கம் வருகிறது.

எங்கள் கட்டடம் இரண்டு தெருவுக்கு நடுவில் நிற்கிறது. கிழக்கே முன்வாசல், லிஃப்ட், நாற்காலி இறங்கச் சாய்தளம். மேற்கே சரக்கு கேட், குடோன், செங்குத்தான படிகள். வரைபடத்தில் ஒரு கட்டடத்துக்கு ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளி கட்டடத்தின் நட்டநடுவில் விழும். யாராலும் நடுக்கூடத்தில் வேனை நிறுத்த முடியாது என்பதால், புள்ளிக்கு எந்தத் தெரு கிட்டவோ அங்கே போய் நிற்கும். எங்களுக்கு அது பின்தெரு. ஹாரன் அடித்துப் பார்ப்பார்கள், கொஞ்சம் நிற்பார்கள், "நோயாளி இல்லை" என்று பதிந்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அதனால் வேன் நாட்களில் என் வேலை ஓடுவது. நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். அந்த நாட்களில் கடை தாமதமாகத்தான் திறக்கும். அத்தையை முன்வாசலில் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, முனை சுற்றிப் பின்தெருவுக்கு ஓடி, கையை ஆட்டி வேனை மடக்குவேன். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால், "குறிச்சு வச்சிருக்கோம் சார்" என்பார்கள். டிரைவரோ தினம் ஒருவர். குறித்தது குறித்தபடியே கிடக்கும்.

ஒருநாள் நான் போய்ச் சேர்வதற்குள் வேன் போயேவிட்டது. மறுநாள்தான் மறுபடி இடம் கிடைத்தது. இடையில் அத்தைக்குக் கால் வீங்கி, மூச்சு இழுக்க முடியாமல், தலையணையை அடுக்கிச் சாய்ந்து கிடந்தார். இவள் அம்மாவின் முதுகைத் தேய்த்துக்கொண்டே என்னிடம், "ஒரு புள்ளிங்க. ஒரு புள்ளி தப்பான இடத்துல இருக்கு, அதுக்காக எங்கம்மா மூச்சு முட்டுறாங்க" என்றாள்.

அந்த வாரமே குழுவில் ஒரு விதியை எழுதி வைத்தாள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் நடுப்புள்ளியோடு வாசலின் புள்ளியையும் தர வேண்டும். பிரதான வாசல் ஒன்று என்றால் அந்த ஒன்றை. இரண்டு வாசல் பிரதானம் என்று பதிவாகியிருந்தால் இரண்டையும். வண்டியைக் கூப்பிடுகிறவர் தனக்கு எது வேண்டுமோ அதைச் சொல்லிக்கொள்வார். சாமான்ய அறிவுதானே, இதற்கு ஒரு விதியா என்று எனக்குத் தோன்றியது. அதற்கும் இரண்டு சம்பந்தி வீடும் சண்டை போட்டன.

எங்கள் கட்டடத்துக்கு இரண்டு பிரதான வாசல் என்றுதான் பதிவு. கட்டடத்துச் சங்கத்தின் செக்ரட்டரிதான் குடோன் முதலாளி. அவர் லாரிகள் பின்பக்கம் வர வேண்டும், ஆகவே அதுவும் பிரதானம். அந்தப் பதிவு இருப்பதே இவள் ஆபீஸ் திரையில்தான். "ஒரு தட்டு தட்டினா மாறிடும்ல?" என்று கேட்டேன்.

"அது என் வீடு. என் வீட்டுப் பதிவை நானே மாத்தக் கூடாது. சங்கம் எழுதிக் கேட்கணும்."

"உன்ன யாரு பார்க்கப்போறா?"

"நான் பார்ப்பேன்ல?" என்றாள். இப்படிப்பட்டவளோடு குடித்தனம் நடத்துகிறேன் என்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இந்தக் குழுவில் விதியை எழுதினால் மட்டும் போதாது. அதைப் படித்து, ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்காமல், வெவ்வேறு இடத்தில் இரண்டு பேர் புரோகிராம் எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி புரிந்தால்தான் விதி சரியாக எழுதப்பட்டிருக்கிறது என்று அர்த்தமாம். இரண்டாவது ஆள் கெடுவுக்குள் வரவில்லை என்றால், அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மீதியை வெளியிட்டுவிடுவார்கள். வெட்டியது வெட்டியதுதான். அடுத்த பதிப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது.

முதலாவதை இவள் ஆபீஸ் புரோகிராமர் எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டாவதுக்கு ஆள் கிடைக்கவில்லை. இவள் கண்டவரையெல்லாம் கெஞ்சினாள். "பார்க்கிறேன்" என்றவர்கள் பார்க்கவில்லை. கெடு நெருங்க நெருங்க இவள் நடை கூடியது. ராத்தூக்கம் போனது, தலைவாரிய சீப்பைத் தலையிலேயே விட்டுவிட்டு ஆபீஸ் போனாள். என் மீதும் எரிந்து விழுந்தாள், நானும் விட்டுக்கொடுக்கவில்லை. அத்தைதான், "ரெண்டு பேரும் சத்தம் போடுறதுல எனக்கு டிவி கேட்கலை" என்று நிறுத்துவார்.

கடைசியில் எங்கேயோ ஒரு தீவில் இருக்கிற ஒருவர், கப்பல்களுக்கு வரைபடம் செய்கிற கம்பெனிக்காரர், எழுதி முடித்து முடிவுகளை அனுப்பினார். இவள் சமையலறையில் நின்றுகொண்டே போனில் படித்தாள். முதலில் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பிறகு கையை விட்டாள்.

"என்ன?"

"எல்லா டெஸ்ட்டும் சரி. ரெண்டு பிரதான வாசல் இருக்கிற கட்டடம் மட்டும் தப்பு. ரெண்டு புள்ளி தரணும், இடது பக்கத்தது ஒண்ணு மட்டும் வந்திருக்கு."

"ஒண்ணுதானே?"

"எங்க ஆபீஸ் புரோகிராமும் அதே இடத்துல, அதே இடது பக்கத்த மட்டும்தான் தருது. அது எங்காளோட தப்புன்னு நினைச்சு, திருத்தச் சொல்லியிருக்கேன். ரெண்டு பசங்க பரீட்சையில ஒரே தப்பு எழுதினா என்னங்க அர்த்தம்?"

தீவுக்காரர் காப்பி அடித்திருக்கிறார் என்று அர்த்தம். இவள் ஆபீஸ் புரோகிராமர் எழுதியது எல்லாருக்கும் திறந்துதான் கிடக்கிறது, எடுத்துக்கொள்வது ஒன்றும் கஷ்டமில்லை. எனக்கு அதில் கவலையே இல்லை. "உன் விதி பாஸாகப்போகுது. கூட்டத்துல யாரும் எதையும் கேட்கலன்னா சம்மதம்னுதானே கணக்கு? வாய மூடிட்டு உட்காரு" என்றேன்.

"காப்பின்னா அது ரெண்டாவது இல்லங்க. ஒண்ணுதான், ரெண்டு தடவ எழுதினது."

"உங்கம்மாவப் பாரு முதல்ல."

அப்படிச் சொன்னதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து, சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பட்டது. கூட்டம் வரைக்கும் வீட்டில் பேச்சே இல்லை. நடை மட்டும் இருந்தது.

கூட்டத்தன்று மாலை நான் கூடத்தில் அத்தைக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன். இவள் கதவைத் திறந்தே வைத்திருந்தாள், ஹெட்போனையும் மாட்டவில்லை. அவர்கள் பேசியது எல்லாம் கேட்டது. நம் பாஷையில் சொல்கிறேன். தலைவர், நல்ல மனிதர், வாசல் விதிக்கு இரண்டு புரோகிராமும் வந்துவிட்டன என்று மகிழ்ச்சியோடு அறிவித்தார். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்றார். எழுதியவளே வாயைத் திறந்தாள்.

"இருக்கு. ரெண்டாவது, முதலாவதோட காப்பின்னு நினைக்கிறேன். ரெண்டுலயும் ஒரே தப்பு."

தீவுக்காரர் மெதுவாக, "எந்தத் தப்புங்க?" என்றார். இவள் சொன்னாள். அவர், "உங்க படத்துல அப்படித்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டு, படத்தைத் திரையில் போட்டார்.

விதியோடு சேர்த்து இவளே வரைந்த படம். ஒரு கட்டடம், இரண்டு பக்கமும் வாசல், கீழே 'இரண்டும் பிரதானம்' என்று எழுத்து. இடது வாசலுக்கு மட்டும் ஒரு அம்புக்குறி. வலது வாசலுக்கு இல்லை.

எட்டிப் பார்த்தேன். இவள் நடையை நிறுத்திவிட்டிருந்தாள். வாயில் கையை வைத்துக்கொண்டு அந்தப் படத்தையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, குரலே இல்லாமல், "வேன்" என்றாள். எனக்குப் புரிந்தது. அவள் அந்தப் படத்தை வரைந்த காலையில் நான் கண்ணாடிச் சரக்கு எடுக்க வெளியே போயிருந்தேன். ஹாரன் கேட்டதும், பாதிப் படத்தோடு எழுந்து இவள்தான் பின்தெருவுக்கு ஓடியிருக்கிறாள். திரும்பி வந்து, முடிந்துவிட்டது என்று நினைத்து அப்படியே அனுப்பியிருக்கிறாள். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் பார்த்தார்கள், ஒருவருக்கும் கண்ணில் படவில்லை.

தீவுக்காரரிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டாள். முழுசாகக் கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். "விதிய யாருங்க படிக்கிறாங்க? எல்லாரும் படத்தப் பார்த்துதான் எழுதுறோம்" என்றார். இவள் ஆபீஸ் புரோகிராமரும் அதையேதான் செய்திருக்கிறார், கேட்டபோது ஒத்துக்கொண்டார்.

தலைவர் கணக்குப் போட்டுச் சொன்னார். படத்தைத் திருத்தினால் புரோகிராம் இரண்டையும் மாற்றி, மறுபடி ஓட்டி, மறுபடி பொதுமக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும். இந்தப் பதிப்புக்குள் முடியாது, வாசல் விதி முழுசும் போகும். இன்னொரு வழி இருக்கிறது. இரண்டு பேர் தனித்தனியாக எழுதியும் ஒரே மாதிரி வந்திருக்கிறது. அப்படியென்றால் படம்தான் எல்லாருக்கும் புரிந்திருக்கிறது. எழுத்தைப் படத்துக்கு ஏற்றபடி மாற்றிவிடலாம். இரண்டும் பிரதானம் என்றால் மேற்கே இருப்பதை மட்டும் தரலாம். அப்படிச் சமமாக இரண்டு பிரதான வாசல் பதிவான கட்டடம் உலகத்திலேயே சொற்பம்தானே?

படத்தில் இடது என்றால் மேற்கு. எங்கள் வீட்டுக்கு மேற்கு என்றால் குடோன் கேட்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பிடிக்கிறதா என்று யாரையும் கேட்க மாட்டார்கள். எல்லாருக்கும் பிடித்தது என்று ஒன்று எங்கே இருக்கிறது? பொறுத்துக்கொள்ள முடியுமா என்றுதான் கேட்பார்கள்; ஒருவர் முடியாது என்றாலும் அது நின்றுவிடும். தலைவர் இவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அதைக் கேட்டார்.

நான் கூடத்திலிருந்து இரண்டு கையையும் ஆட்டினேன். முடியாது என்று சொல், முடியாது. மாத்திரை கையிலிருந்து விழுந்து உருண்டது. அவள் என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் நாற்காலியில் கால்களைத் தொங்கப்போட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்த அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"முடியும்" என்றாள்.

வந்ததே எனக்குக் கோபம். கூட்டம் முடியக் காத்திருந்து பிடித்துக்கொண்டேன். "உப்புப் பெறாததுக்கெல்லாம் ஆட்சேபணை சொல்றவ, பெத்தவளுக்காக ஒரு வார்த்த சொல்ல முடியலையா உனக்கு?"

"சொன்னா யாருக்குமே வாசல் இருக்காதுங்க. எத்தன வீட்ல எத்தன பேரு காத்துட்டிருக்காங்க."

"அவங்க எல்லாம் உங்கம்மாவா?"

அவள் குனிந்து, விழுந்த மாத்திரையைத் தேடினாள். டிவியின் சத்தம் குறைந்தது. "என்னாச்சு மாப்பிள்ளை?" என்றார் அத்தை.

நான் சொல்லவில்லை. இவள் தரையில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அம்புக்குறியையும் சொன்னாள்.

"அப்ப நம்ம வேன்?"

"பின்னாடிதாம்மா வரும்."

"எப்பவுமா? இல்ல முந்தி மாதிரி தெருவுல அங்கயும் இங்கயுமா நிக்குமா?"

"எப்பவும். சரியா அந்தக் கேட்டுக்கே வரும்."

"அப்ப மாப்பிள்ளைக்குத் தேடுற வேல மிச்சம்" என்று சொல்லிவிட்டு, டிவியின் சத்தத்தைக் கூட்டினார். இவள் அம்மாவின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் பால்கனிக்குப் போய் நின்றேன். அங்கே நிற்கவும் முடியவில்லை, உள்ளே வரவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு செக்ரட்டரியிடம் நானே நான்கைந்து தடவை போனேன். உயர்ந்த குரலில் ஒரு தடவை, கெஞ்சலாக ஒரு தடவை. "பார்க்கலாம் சார், மீட்டிங்ல வைப்போம்" என்றார். அந்த மீட்டிங் நடந்தபாடில்லை. விதி வெளியானது. சில மாதங்களில் ஆஸ்பத்திரி வேன்களிலும் புது மேப் வந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

புது மேப்போடு வேன் வந்த முதல் நாள், இவளும் என்னோடு பின்தெருவுக்கு வந்தாள். வேண்டாம் என்றால் கேட்க மாட்டாள். வேன் குடோன் கேட்டுக்கு நேராக, அளவெடுத்த மாதிரி வந்து நின்றது. டிரைவர் சின்ன வயசுக்காரர், உற்சாகமாக இருந்தார். நான், "இங்க இல்லீங்க, முன்பக்கம்" என்று ஆரம்பித்தேன்.

"சார், சரியான வாசலுக்குத்தான் வந்திருக்கேன். இப்பல்லாம் மேப்ல வாசலே காட்டுது" என்றார். கேட்டைப் பார்த்தார், உள்ளே இருந்த படிகளைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

இவள் ஜன்னல் பக்கம் போனாள். "மத்த வீட்டுக்கெல்லாம் எப்படிங்க? சரியா வருதா?"

"சூப்பரா வருதுங்க. முந்தி தினம் ஒருத்தர் ரெண்டு பேரையாவது விட்டுட்டுப் போவோம், தேடித் தேடிப் பார்த்துட்டு. பாவமா இருக்கும். இப்ப எங்க வேன் ஒண்ணுல ஒருத்தரக்கூட விடல. போய் நின்னா எதிர்லயே நாற்காலி நிக்குது."

"ஒருத்தரக்கூடவா?"

"ஒருத்தரக்கூட இல்லீங்க. உங்க வீடு ஒண்ணுதான் இப்படி. இத எந்தப் புண்ணியவான் எழுதினானோ!"

நான் வாயைத் திறந்தேன். இவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள், வலித்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தாள். இத்தனை வருஷத்தில் அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"தெரியலீங்க" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, மறுபக்கம் போய்க் கதவைத் திறந்து அவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "முனையில திரும்புங்க, நான் வழி சொல்றேன். அம்மா முன்னாடி காத்துட்டிருக்காங்க."